மச்சாளுக்குப் பிடித்த பன்றிச் சூப்

மச்சாள்,

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் போன மாதம் ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. எந்த நாட்டுக்காரர் என்று இன்னும் கேட்கவில்லை. இன்று மத்தியானம் வேலை முடிந்து படியேறும்போது அவர்களுடைய கதவு இடுக்கிலிருந்து அந்த மணம் வந்தது. பன்றிக் கொழுப்பில் உள்ளி பொரிகிற மணம், அதற்கடியில் எலும்பு அவிகிற மணம், எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த கணவாயின் நாற்றம். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேலே வந்ததும், வெளியே பனி கொட்டுகிறது என்றும் பாராமல் எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டேன்.

"என்னப்பா, வீட்டுக்கை குளிருது" என்றார் உங்கள் தம்பி.

"மச்சாளின்ரை சூப் மணக்குது."

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு ஒரு யன்னலை மட்டும் சாத்திவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டார்.

நீங்கள் போய் இது மூன்றாவது குளிர்காலம். அந்த சூப் இன்னும் எனக்கு அருவருப்புத்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்களுக்கு எழுதும்போது எல்லாவற்றிலும் சீனி தூவுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு அது பிடிக்காது.

முதன்முதல் நீங்கள் என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனது நான் உங்கள் தம்பியைக் கலியாணம் கட்டி ஹனோவருக்கு வந்த புதிதில். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத வீட்டிலிருந்து வந்தவள் நான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் கூட்டிப்போனீர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், ஆறு மேசை மட்டும் போடக்கூடிய சின்னக் கடை. யன்னல் கண்ணாடி முழுவதும் ஆவி பிடித்திருந்தது. உள்ளே கால் வைத்ததுமே என் சேலைத் தலைப்பு மூக்குக்குப் போய்விட்டது.

"நீர் சும்மா இரும். நான் குடிக்கிறதைப் பாரும்" என்றீர்கள்.

பார்த்தேன். பெரிய கோப்பை ஒன்றில் மஞ்சள் மஞ்சளாக முட்டை நூடில்ஸ் சுருண்டு கிடந்தது. அதன்மேல் விளிம்பெல்லாம் சிவப்பேறிய பன்றி இறைச்சித் துண்டுகள். சாம்பல் நிறத்தில் ஈரல். அதற்குப் பக்கத்தில் கடும் நிறத்தில் இன்னொன்று, அது இதயம் என்று நீங்களே விரலால் காட்டிச் சொன்னீர்கள். வாலோடு இறால், கீறிச் சுருட்டிய கணவாய், வெள்ளை வெள்ளையாக மீன் உருண்டைகள், ஒரு காடை முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே பொரித்த உள்ளியும் பன்றிக் கொழுப்பின் வறுவலும். கடலிலும் தரையிலும் உயிரோடு திரிந்தது எதையும் விட்டுவைக்கவில்லை. நீங்கள் ஈரலை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றீர்கள். சாறு உங்கள் நாடியில் வழிந்தது. நான் எழும்பி ஓடினேன். கடையின் கழிப்பறையில் சத்தி எடுத்துவிட்டு வந்தபோது கடைக்கார அம்மா ஒரு கிண்ணம் சுடுதண்ணீரோடு வாசலில் நின்றார். நீங்கள் எழும்பவில்லை. இரண்டாவது காடை முட்டை கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள்தான் பேசினீர்கள்.

"இந்த நாட்டுக்கு நான் வந்திறங்கேக்கை, அகதியளின்ரை ஹைமிலை எங்களுக்குத் தந்தது என்ன தெரியுமோ? காய்ஞ்ச பாணும், குளிர்ந்த சொசேஜும். மூண்டு நாள் நான் சாப்பிடேல்லை. பக்கத்து அறையிலை இருந்தவதான் இந்தக் கடைக்கார மனிசி. கப்பல்லை தப்பி வந்த சனம். வியட்நாம், ஆனா வீட்டிலை கதைக்கிறது சீனம். எனக்கு அவவின்ரை பாஷை தெரியாது, அவவுக்கு என்ரை பாஷை தெரியாது, ரெண்டு பேருக்கும் இந்த நாட்டு டொச்சும் தெரியாது. கதவைத் தட்டி இந்தச் சூப்பைத் தந்திட்டுப் போனா. அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு நான் கேக்கேல்லை."

"கேட்டிருந்தால் குடிச்சிருக்க மாட்டியள்" என்றேன்.

"ஓம். அதுதான் கேக்கேல்லை."

அகதிகள் தங்கவைக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் அன்று உங்களுக்குக் கிடைத்த கோப்பையில் இறாலும் காடை முட்டையும் இருந்திருக்காது, வெறும் எலும்பும் ஈரலும்தான் என்று பின்னொரு நாள் சொன்னீர்கள். அவர் கடை போட்ட பிறகுதான் அது இவ்வளவு பெரிய சமாச்சாரமாக ஆனதாம். ஞாயிறு தோறும் நீங்கள் அங்கே போனீர்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் உடுப்பை நான் தனியாகத் தோய்த்தேன். உங்கள் மேலங்கியை வெளியே கொழுவச் சொன்னேன். நீங்களும் கொழுவினீர்கள். ஒரே வீட்டில் நாங்கள் இப்படித்தான் இருந்தோம். நீங்கள் குடித்தீர்கள், நான் மூக்கைச் சுளித்தேன். யாரும் யாரையும் மாற்றப் போகவில்லை.

பிறகு உங்கள் குடலில் புற்றுநோய் வந்தது.

ஊசியும் மருந்தும் ஏறத் தொடங்கியதும் உங்கள் நாக்கு செத்துப்போயிற்று. நான் கொண்டுவந்த ரசம், பருப்பு, குழையல் சோறு எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் வைத்தியசாலையில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"சுகந்தி, கோவியாதையும். உதை மூடும். எனக்குக் குமட்டுது."

"பருப்புத்தான் மச்சாள். பெருங்காயம் போட்டது."

"அந்தப் பெருங்காயம்தான் நாறுது. எல்லாம் தகரத்தைச் சப்பின மாதிரிக் கிடக்கு."

எங்கள் வீட்டுப் பெருங்காயம் நாறுகிறது என்று அதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. பெட்டியை மூடிவிட்டு நடைபாதையில் போய் நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் முகம் சுளித்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். அந்தக் கடைக் கழிப்பறைக் கண்ணாடியில் என் முகத்தில் நான் பார்த்தது.

"என்னதான் வேணும்?" என்று திரும்பி வந்து கேட்டேன்.

"இண்டைக்கு ஞாயிறே?" என்றீர்கள். எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். கடைக்கார அம்மா சூப்பைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றுவார். நூடில்ஸ் ஊறி வீங்கிவிடும் என்று வேறாகக் கட்டுவார். இறைச்சி இன்னொரு பெட்டியில். டிராமில் அதை மடியில் வைக்க முடியாமல் காலடியில் வைத்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி வருவேன். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்த மணம் வரும். வைத்தியசாலைச் சமையலறையில் மூன்றையும் ஒன்றாக்கி உங்கள் முன்னால் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். நீங்கள் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பு. அது நிற்கக் கூடாது என்றும் இருந்தது.

உங்கள் சித்தி வைத்தியசாலைக்கு வந்த நாளைச் சொல்லாமல் விடமாட்டேன். ஜேர்மனிக்கு வந்த புதிதில் அவவும் அவவின் பிள்ளைகளும் தங்கியிருந்தது உங்களுடைய ஒற்றை அறையில். நீங்கள் நிலத்தில் படுத்தீர்கள் என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். அன்று நீங்கள் சத்தி எடுத்து முடித்திருந்தீர்கள். கிண்ணம் இன்னும் என் கையில் இருந்தது. சித்தி கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. கதவடியில் நின்றபடி கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டா. அதற்குள்ளிருந்து, "கடவுளே, கண்டதையும் திண்டால் உப்பிடித்தான்" என்றா.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நித்திரை என்று சித்தி நினைத்தா. உங்கள் விரல் படுக்கை விரிப்பைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். என் கையில் இருந்த கிண்ணத்தைவிட அந்த லேஞ்சிதான் அன்று எனக்கு ஓங்காளத்தைத் தந்தது. அதன் பிறகு நீங்கள் இருக்கும்வரை அவ வரவேயில்லை.

தை பிறந்ததும் வைத்தியர்கள் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, விரும்பியதைக் கொடுங்கள் என்றார்கள். விரும்பியதை வாங்கப் போனால் கடை பூட்டிக் கிடந்தது. அவர்களுடைய வருசப்பிறப்புக்குக் குடும்பமாக ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. வேறு கடையில் வாங்கிவந்தேன். நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டீர்கள். அடுத்த நாளும் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீர் மட்டும்.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். ஆட்டிறைச்சியும் நண்டும் வெளுத்துவாங்குகிற மனிதர் அவர். பன்றி என்றதும் பின்வாங்கினார்.

"என்னாலை ஏலாதப்பா. தொடவே ஏலாது. சின்னனிலை இருந்து அப்பிடி."

"நான் செய்யிறன்" என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

இறைச்சிக் கடையில் நான் கேட்டவற்றை அந்த ஜேர்மன் மனிதர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். இன்று காலையில் வந்தது, நல்ல பச்சை என்று பெருமையாக வேறு சொன்னார். வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டேன். கையுறை போட்டேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டினேன். ஈரலைத் தண்ணீரில் போட்டபோது அது இரத்தத்தை விட்டுக்கொண்டே இருந்தது. கையுறைக்குள்ளாலும் அதன் வழுவழுப்புத் தெரிந்தது. உங்களை வரவேற்பறைச் சோபாவில் தலையணைகளால் அண்டைகொடுத்து இருத்தியிருந்தேன். அங்கிருந்து குரல் வந்தது.

"எலும்பை முதல் ஒருக்கா அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திப்போடும்."

"ஏன்?"

"அழுக்கு வரும். பாரும்."

வந்தது. சாம்பல் நிற நுரை பானை விளிம்புவரை பொங்கியது. அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். இரண்டு தடவை குசினியை விட்டு ஓடினேன். நீங்கள் சோபாவில் இருந்து சிரித்தீர்கள். சிரிக்கும்போது வயிறு நோகிறதென்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

முதல் கோப்பையை உங்கள் மடியில் வைத்தேன். கரண்டியால் அள்ளி வாயில் வைத்தீர்கள். உங்கள் முகம் சுருங்கியது.

"சீ! சட்டி கழுவின தண்ணி. உப்புப் பாத்தனீரோ?"

"நான் எப்பிடி மச்சாள் பாப்பன்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி விடும், ஊத்திப்போட்டுப் படும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளினீர்கள். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோனேன். முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்தேன். கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். சூடு, பிறகு கொழுப்பு நாக்கில் தோல்போலப் படர்ந்தது, பிறகு சொல்லத் தெரியாத ஒரு மிருக வாடை தொண்டைக்குள் ஏறியது. தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் வந்தது. வாயைக் கழுவினேன். உப்புக் காணாது. உப்புப் போட்டு மறுபடி நாக்கில் வைத்தேன். மறுபடி தொட்டிக்கு ஓடினேன். இன்னும் கொஞ்சம் மிளகு வேண்டும் போலிருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக நின்று பார்த்தேன். உங்கள் தம்பி குசினி வாசலில் நின்றிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டாவது கோப்பையில் பாதியை நீங்கள் குடித்தீர்கள். நூடில்ஸை உறிஞ்சினீர்கள். ஈரலில் ஒரு துண்டை மென்றீர்கள்.

"இப்ப சரி" என்றீர்கள். பிறகு, "நீர் வாயிலை வைச்சனீர்" என்றீர்கள்.

"இல்லை."

"பொய் சொல்லாதையும். உம்மடை முகம் வாடின கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு."

ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் சத்தி எடுத்துவிட்டீர்கள். கிண்ணத்தை நான்தான் கழுவினேன். அந்தச் சூப் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நான் பார்த்தேன், இரண்டும் என்னைக் குமட்டவைத்தன. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் உங்கள் முகத்தில் பசியாறின களை இருந்தது. அதன் பிறகு நீங்கள் சாப்பாடு என்று எதையும் கேட்கவில்லை. மாசி முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். உங்கள் வீட்டாருக்கு அதில் மச்சமும் உண்டு. சித்தி தானே முன்னின்று நண்டுக் குழம்பும், ஆட்டிறைச்சிப் பிரட்டலும், மீன் பொரியலும் செய்துகொண்டு வந்தா. நீங்கள் நண்டைத் தொட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் அதற்கு முதல்நாளே கடைக்குப் போயிருந்தேன். அவர்கள் ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள். விசயத்தைச் சொன்னதும் கடைக்கார அம்மா கதிரையில் இருந்துவிட்டார். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

சொன்ன நேரத்துக்கு அவரே வந்தார். கறுப்புச் சட்டை. கையில் சூப் போத்தலும் பெட்டிகளும். எங்கள் குசினியிலேயே நூடில்ஸைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, எல்லாவற்றையும் அடுக்கி, ஈரலை நடுவில் வைத்தார். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தேன். மணம் எனக்கு முன்னால் போனது.

"என்ன கண்றாவி இது?" என்றா சித்தி.

"மச்சாளின்ரை சாப்பாடு."

"பண்டியோ? படையலுக்கோ? கொண்டுபோ உள்ளுக்கை. ஆடு, மீன் வைக்கிறது முறை. உது என்ன அசிங்கம்!" பிறகு எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து, குரலைத் தணிக்காமலே, "இந்தக் கண்டதையும் தின்னுற சனத்தை ஆர் வீட்டுக்கை விட்டது?" என்றா.

அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாமா தன் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த மௌனத்தைப் போல நாறின ஒன்றை நான் அதற்கு முன்னும் முகர்ந்ததில்லை, பின்னும் முகர்ந்ததில்லை மச்சாள்.

"சித்தி, மணந்தால் லேஞ்சியாலை மூக்கைப் பொத்துங்கோ. உங்களுக்குப் பழக்கம்தானே" என்றேன்.

சாறு விளிம்பால் தளம்பியது. அப்போது உங்கள் தம்பி எழும்பி வந்து கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். அதைத் தொடவே ஏலாது என்ற மனிதர். பெருவிரல் சாற்றுக்குள் அமிழ்ந்திருந்ததையும் கவனிக்காமல் நேரே நடந்துபோய், நண்டுக் குழம்பை ஒதுக்கிவிட்டு, உங்கள் படத்துக்கு நேர் முன்னால் வைத்தார்.

"அக்காவுக்கு இதுதான் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினார்.

சித்தி தன் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. அவவோடு பாதிப் பேர் போனார்கள். கடைக்கார அம்மா ஊதுபத்தியை இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்து மூன்று தரம் குனிந்து கும்பிட்டார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது. முகங்கள் விளங்கியிருந்தன. குசினியில் என்னிடம் டொச்சில் மெல்லக் கேட்டார்: "மணம் கூடாதோ? அதுதான் அவைக்குக் கோபமோ?"

அவருக்கு நான் பொய் சொல்லவில்லை.

"எனக்கும் அந்த மணம் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்லை. அவவுக்குப் பிடிக்கும்."

அவர் சிரித்தார். கண் நிறையத் தண்ணீரோடு சிரித்தார். "தெரியும். ஒவ்வொரு முறையும் நீ முகம் பச்சையாகித்தான் என் கடைக்குள் வருவாய். ஆனாலும் வந்தாய்."

சித்தி வீட்டோடு எங்களுக்கு இப்போது போக்குவரத்து இல்லை. சமாதானம் பேச இரண்டு பேர் வந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அருவருப்பை நான் விடுவதாக இல்லை.

மற்றபடி, ஒரு செய்தி சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அதற்கான ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி எடுத்து, பரீட்சையும் பாஸ். கை ஏலாதவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவதும் என் வேலை. பல் இல்லாதவர்களுக்கு இறைச்சியைக் கூழாக அரைத்து வரும். சில நாட்களில் ஈரல். பழுப்பு நிறத்தில், ஆவி பறக்க, பார்க்கவே எனக்கு அருவருப்பு. கூட வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்த வாக்கிலேயே ஊட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கிழவிகள் ஒன்றும் சொல்லாமல் விழுங்குவார்கள்.

நான் வேறு ஒரு கரண்டியால் ஒரு துளி எடுத்து என் நாக்கில் வைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வருகிறது. ஒரு தரம் விழுங்கிவிட்டு, எட்டி உப்பை எடுக்கிறேன்.